தண்ணீர்ப் பந்தலும் நெடுந்தூர ஓட்டமும்

(புக்கிட் காத்தில் வட்டார நன்கொடையாளர் கூட்டத்தில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். வாத்தியார் கையில் நேரத்தைக் கொடுத்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார் என்பது அவருக்குத் தெரியும். என்னிடம் படித்தவர்தானே! ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரின் பெயரில் ஒரு தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறது. மலாய் மொழியில் 'காத்தில்' என்றால் கட்டில். அந்தச் சொல் நம் 'கட்டில்' என்பதிலிருந்தே போனது என்று மொழி ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். அப்படியானால் நாம் குடியிருப்பது கட்டில் மலை. கட்டிலில் படுத்தவருக்கு எழுந்து ஓட மனம் வருவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம்மைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். ஆயர் குரோ என்றால் கலங்கிய நீர். ஆயர் மோலேக் என்றால் அழகிய நீர். ஜாசின் பக்கம் ஆயர் பானாஸ் என்றால் வெந்நீர். முன்னோர்கள் ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கும்போது, அங்கே தண்ணீர் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்திருக்கிறார்கள். புக்கிட் சீனாவின் அடிவாரத்தில் உள்ள ராஜா கிணற்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1459ஆம் ஆண்டில் சுல்தான் மன்சூர் ஷா காலத்தில் தோண்டப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. கடும் கோடையிலும் வற்றாத கிணறு என்று பேர் வாங்கியது. அதனாலேயே மலாக்காவைப் பிடிக்க வந்த படைகள் அந்தக் கிணற்றில் நஞ்சைக் கலந்தன. பிறகு டச்சுக்காரர்கள் கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். ஒரு நகரத்தின் உயிர் அதன் தண்ணீரில் இருக்கிறது என்பதைப் பகைவனும் அறிந்திருந்தான், காவல்காரனும் அறிந்திருந்தான்.

1991ஆம் ஆண்டு

இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 1991ஆம் ஆண்டு மறந்திருக்காது. டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றிப் போனது. தண்ணீர் நின்ற இடத்தில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாதக் கணக்கில் பங்கீடு. லாரி வரும் சத்தம் கேட்டால் தெருவே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பட்டணத்தில் இருந்தவர்களுக்கே அந்தப் பாடு என்றால், தோட்டத்து லயங்களில் எப்படி இருந்திருக்கும்?

அப்போது நான் இம்மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு ஆசிரியர். வயது முப்பது. கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் எடுப்பதில் எனக்கு ஒரு பெருமை. என் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். நான்கு நாள் தொடர்ந்து தாமதமாக வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருக்கும், வகுப்பில் உட்கார்ந்தால் தூங்கி விழுவான். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். நான்காம் நாள் அவனை வெயிலில் நிற்க வைத்தேன். ஓய்வு நேரம் வரை நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவனுடைய தோழன் ஒருவன் என் மேசைக்கு வந்து, "சார், அவன் தண்ணி தூக்குறான் சார்" என்றான். அன்று மாலை லயத்துக்குப் போய் விசாரித்தேன். செம்மண் பாதை மோசமாக இருந்ததால் தண்ணீர் லாரி தோட்டத்துக்குள் வராது. பெரிய சாலையின் முச்சந்தியில் விடியுமுன் வந்து நிற்கும். லயத்திலிருந்து அங்கே போக ஒன்றரை கிலோமீட்டர். அப்பா இல்லை. அம்மா இருட்டோடு பால் மரம் சீவப் போய்விடுவார். வீட்டில் பாட்டியும் கைக்குழந்தையும். பையன் காண்டா கம்பில் இரண்டு மண்ணெண்ணெய் டின்களை மாட்டிக்கொண்டு மூன்று நடை போய் வருவான். லாரி போய்விடுமோ என்ற பயத்தில் போகும்போது ஓட்டம். தண்ணீர் சிந்திவிடுமோ என்ற பயத்தில் வரும்போது நடை. கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நடைக்கு 9 கிலோமீட்டர். அதில் பாதி தூரம் தோளில் சுமை. பத்து வயது. காலில் செருப்பு இல்லை. அதன் பிறகுதான் பள்ளிக்கு ஓட்டம். அந்தப் பிள்ளையைத்தான் நான் வெயிலில் நிற்க வைத்தேன்.

இதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. அவனிடம் அன்று மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வாத்தியார் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அப்போது எங்களுக்குத் தெரியாது. பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவனே வந்து என் காலைத் தொட்டான். நல்ல நிலையில் இருக்கிறான். நான் தயங்கித் தயங்கி அந்த விஷயத்தை எடுத்தேன். அவன் சொன்னான்: "நீங்க நிக்க வச்சது எனக்கு ஞாபகமே இல்ல சார். ஒரு நாள் லயத்து வாசல்ல வந்து டின்னு சாஞ்சிருச்சு. பாட்டி அந்த ஈரத்த பாத்துக்கிட்டே அழுதாங்க. அதுதான் ஞாபகம் இருக்கு."

கட்டிலிலிருந்து என்னை எழுப்பியவள்

சென்ற ஆண்டு நம் இளைஞர் பகுதியினர் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கை கொண்டு வந்தார்கள். சுத்தமான தண்ணீர் கிடைக்காதவர்களுக்காக நெடுந்தூர ஓட்டம் ஒன்று நடத்தி நிதி திரட்ட வேண்டும், அறக்கட்டளை அதற்குத் துணை நிற்க வேண்டும் என்றார்கள். குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். "கோயில் பேரில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா? அன்னதானம் இருக்கிறது, கல்வி நிதி இருக்கிறது, திருப்பணி பாக்கி இருக்கிறது. விளையாட்டுப் போட்டி நடத்த வேறு சங்கங்கள் இல்லையா?" என்று கேட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். பல்கலைக்கழகத்தில் படிப்பவள். "சார், தைப்பூசத்துக்கு நடந்தா பக்தி. தண்ணிக்காக ஓடினா மட்டும் ஏன் சார் விளையாட்டு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை. அந்தப் பையனின் காண்டா கம்புதான் கண்ணில் நின்றது.

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம். உடலை வருத்திப் பிறர்க்கு நன்மை தேடுவது நமக்குப் புதிதா? மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குக் காவடியும் பால்குடமும் எடுத்து வெயிலில் நடக்கிறோம். வழியில் பந்தல் போட்டு, மோரும் தண்ணீரும் கொடுத்து, நடப்பவரின் தாகத்தைத் தீர்ப்பவர்களும் நம்மவர்களே. பெரியபுராணத்தில் அப்பூதியடிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். திங்களூரில் அவர் நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். தாம் அதுவரை கண்ணால் காணாத ஒரு அடியாரின் பெயரால், தாம் அறியாத வழிப்போக்கர்களின் தாகத்தைத் தீர்த்தார். அந்தத் தொண்டே அவரை அறுபத்து மூவரில் ஒருவராக நினைக்க வைக்கிறது.

பெரிய முயற்சியைத் தமிழில் என்ன சொல்கிறோம்? 'பகீரதப் பிரயத்தனம்' என்கிறோம். பகீரதன் எதற்காகப் பாடுபட்டான்? தண்ணீரைக் கொண்டு வருவதற்காக. அவன் முன்னே செல்ல, கங்கை பின்னே வந்தாள். அவன் பாதியில் களைத்து நின்றிருந்தால் கங்கையும் நின்றிருப்பாள். முயற்சிக்கு நாம் வைத்த பெயரே தண்ணீருக்காக ஒருவன் பட்ட பாடுதான்.

உலகில் ஓடியவர்கள்

இப்படி ஓடியவர்கள் கதையில் மட்டும் இல்லை, நம் காலத்திலும் இருக்கிறார்கள். அமெரிக்கர் சார்லி எங்கிள், கனடா நாட்டவர் ரே ஜஹாப், தைவான் நாட்டவர் கெவின் லின் ஆகிய மூவரும் 2006ஆம் ஆண்டு நவம்பரில் செனகல் நாட்டின் கடற்கரையிலிருந்து புறப்பட்டார்கள். மொரித்தானியா, மாலி, நைஜர், லிபியா ஆகிய நாடுகளைக் கடந்து, 2007 பிப்ரவரியில் எகிப்தை அடைந்து, செங்கடல் நீரில் கை நனைத்தார்கள். சகாரா பாலைவனத்தைக் குறுக்கே கடந்த அந்த ஓட்டம் 111 நாள், ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். சராசரியாக நாள் ஒன்றுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். இங்கிருந்து மூவாருக்கு ஓடிப் போய்ப் பாதி வழி திரும்பி வருவதற்கு நிகர். அதுவும் 111 நாள் தொடர்ந்து.

அந்த ஓட்டத்தைப் படமாக்கியதில் பங்கு கொண்டவர் ஹாலிவுட் நடிகர் மேட் டேமன். அதையொட்டி ஆப்பிரிக்காவின் குடிநீருக்காக ஓர் அறநிறுவனம் பிறந்தது. 2009இல் அது கேரி வைட் என்பவர் நடத்திய குடிநீர் நிறுவனத்தோடு இணைந்து 'வாட்டர் டாட் ஓஆர்ஜி' ஆனது. மூன்று பேர் ஓடி முடித்ததும் கால்வலி தீர்ந்துவிட்டது. அவர்கள் தொடங்கி வைத்த வேலை தொடர்ந்து நடந்தது. கொடையாளர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஓட்டம் ஒரு நாளில் முடியும், அதற்குப் பின்னால் ஓர் அமைப்பு நின்றால்தான் தண்ணீர் வரும்.

இன்னொருவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மினா குலி என்ற அம்மையார். வழக்கறிஞராக இருந்தவர். 2017ஆம் ஆண்டு ஆறு பெரிய நதிகளின் கரையில் 40 நாளில் 40 மராத்தான் ஓடினார். ஒரு மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 2018இன் இறுதியில் 100 நாளில் 100 மராத்தான் என்று புறப்பட்டார். 62 மராத்தான் வரை வந்தபோது, தென்னாப்பிரிக்காவில் தொடை எலும்பு முறிந்தது. மேற்கொண்டு ஓர் அடி வைக்க முடியவில்லை. அப்போது என்ன நடந்தது தெரியுமா? பல நாடுகளிலிருந்து முகம் தெரியாதவர்கள், "உங்களுக்காக நாங்கள் ஓடுகிறோம்" என்று எழுந்து, மிச்சத்தை ஓடி முடித்தார்கள். அந்த அம்மையார் கால் தேறி மீண்டும் எழுந்து, 2022 மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று தொடங்கி ஓராண்டில் 200 மராத்தான்களை ஓடி, 2023இல் நியூயார்க்கில் நடந்த ஐ.நா. தண்ணீர் மாநாட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு தோள் தாழ்ந்தால் இன்னொரு தோள் தேர்வடத்தைத் தாங்கும் என்பது தேர் இழுத்த நமக்குத் தெரிந்த விஷயம்தானே!

இத்தனை பேர் ஏன் ஓடுகிறார்கள்? 2010ஆம் ஆண்டு ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை, சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. ஆனால் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பாதுகாப்பான குடிநீர் வீட்டில் கிடைக்காதவர்கள் உலகில் ஏறத்தாழ 220 கோடிப் பேர். நம் சொந்தங்கள் வாழும் சென்னையில் 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு போனார்கள். ஒரு நடைக்கு 50 டாங்கி, 25 லட்சம் லிட்டர். மலேசியாவில் ஒருவர் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் புழங்குகிறோம். அந்தப் பையன் மூன்று நடையில் சுமந்ததை நாம் பல் துலக்கி, குளித்து முடிப்பதற்குள் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறோம்.

நம் பக்கத்திலேயே

"அதெல்லாம் ஆப்பிரிக்கா, இங்கே யாருக்கு ஐயா தண்ணீர் இல்லை?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டப்படி, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை. ஆனால் தோட்டமே கைமாறி, துண்டாடப்பட்டு, வேலை முடிந்துபோன பிறகு அந்தப் பழைய லயத்தில் தங்கிவிட்ட முதியவர்களுக்கு முதலாளி யார்? இங்கிருந்து வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அப்படி ஓர் இடம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அவர்கள் கூச்சப்படுவார்கள். சில குடும்பங்கள், பெரும்பாலும் வயதானவர்கள். கிணற்றுத் தண்ணீர். மழை பெய்தால் துருப்பிடித்த நிறத்தில் வருகிறது. நானே குடத்தில் பிடித்துப் பார்த்தேன். "வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம் சார், பழகிப்போச்சு" என்றார் ஒரு பாட்டி. பழகிப்போச்சு என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அவர்கள் வெட்டிய காட்டில், சீவிய மரத்தில் வந்த காசில்தான் நம் கோயில்களின் முதல் செங்கல் வைக்கப்பட்டது.

ஓட்டத்தில் கிடைக்கும் நிதி முதலில் அங்கே போகட்டும். அடுத்து, நமக்கெல்லாம் முன்பே இம்மண்ணில் வாழ்ந்த பூர்வகுடி மக்களின் கிராமம் ஒன்றுக்கும் போகட்டும். தாகத்துக்கு இனம் கிடையாது.

நான் கேட்கும் நிபந்தனைகள்

எதிர்த்தவன் ஆதரவாளனாக மாறிவிட்டேன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கப் போவதில்லை. இளைஞர்களிடம் ஐந்து நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். உங்கள் முன்னிலையிலும் சொல்கிறேன்.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு ஓட்டக்காரரும், கிலோமீட்டருக்கு இத்தனை வெள்ளி என்று உற்றார் உறவினரிடம் வாக்கு வாங்குவார்கள். அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பனியன், பதக்கம், பந்தல் செலவுக்கு அதைத் தொடக்கூடாது. அதற்கு வேறு ஆதரவாளர் தேட வேண்டும். வரவு செலவு அடுத்த மலரில் அச்சாக வேண்டும்.

இரண்டாவது, சோதனை. தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. வங்காளதேசத்தில் குளத்து நீரால் நோய் வருகிறது என்று நல்ல எண்ணத்தோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள். 1990களில்தான் அவற்றில் பலவற்றில் ஆர்செனிக் நஞ்சு இருப்பது தெரிய வந்தது. கண்ணாடி போன்ற தண்ணீர், உள்ளே விஷம். ஆகவே ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் ஒரு குழாயும் போடக்கூடாது.

மூன்றாவது, பராமரிப்பு. ஆப்பிரிக்காவில் போடப்பட்ட கைப்பம்புகளில் கணிசமான பகுதி, பழுது பார்க்க ஆளும் காசும் இல்லாமல் நின்று போயின. திறப்பு விழாவுக்கு மாலை வாங்கக் காசு இருக்கும், வடிகட்டி மாற்றக் காசு இருக்காது. திரட்டும் நிதியில் ஒரு பங்கு பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும்.

நான்காவது, உடல்நலம். நம் ஊர் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். மருத்துவர் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் ஓடுவதும் ஆபத்து, நீண்ட ஓட்டத்தில் உப்புச் சத்து இல்லாமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. முடியாதவர்கள் நடக்கலாம். ஏழை நாடுகளில் தண்ணீருக்காகப் பெண்களும் பிள்ளைகளும் போய்வரும் சராசரித் தூரம் 6 கிலோமீட்டர் என்று ஒரு கிறிஸ்துவத் தொண்டு நிறுவனம் கூறுகிறது. அந்தத் தூரத்தை நடந்தே நிதி திரட்டுகிறது. நல்ல வழி யாரிடம் இருந்தாலும் கற்றுக்கொள்வோம். அந்த 6 கிலோமீட்டரை நானும் நடக்கிறேன். என் மூட்டு வலி பற்றி என் மனைவியிடம் யாரும் பேச வேண்டாம்.

ஐந்தாவது, மானம். குடத்தோடு நிற்க வைத்து அந்த முதியவர்களைப் படம் எடுக்கக்கூடாது. கொடுப்பவர் பெயர் மலரில் வரட்டும். வாங்குபவர் முகம் வர வேண்டாம்.

கும்பத்தில் இருப்பது என்ன?

கடைசியாக, "திருப்பணி நிதி குறைந்துவிடுமே" என்று கவலைப்படும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. கோபுரத்துக்கு வர்ணம் அடித்துப் பல காலம் ஆகிறது என்பது எனக்கும் தெரியும். திருப்பணிக் கணக்கிலிருந்து ஒரு காசும் இதற்கு வராது. அதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கும்பாபிஷேகம் என்கிறோம். மந்திரம் ஓதி, யாகசாலையில் வைத்துப் பூசித்து, தலையில் சுமந்து, கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றிக் கலசத்தில் ஊற்றுகிறோமே, அந்தக் கும்பத்தில் இருப்பது என்ன? தண்ணீர். தங்கமும் அல்ல, பாலும் அல்ல, தண்ணீர். அந்தத் துளி நம் தலையில் படாதா என்று ஆயிரக்கணக்கில் அண்ணாந்து நிற்கிறோம். கோபுரத்தின் மேல் அது தெய்வம் என்றால், ஒரு பாட்டியின் குடத்திலும் அது தெய்வம்தான்.

அந்தப் பையன் 1991இல் ஓடியபோது வழியில் கைதட்ட யாரும் இல்லை. கிலோமீட்டருக்கு இத்தனை வெள்ளி என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அவனுக்குப் படிப்பித்த வாத்தியார் அவனை வெயிலில் நிற்க வைத்தார். அந்தக் கடனை நான் அவனிடம் திருப்பிக் கொடுக்க முடியாது, அவனுக்கு இன்று தண்ணீர் இருக்கிறது. இல்லாதவர்களிடம்தான் கொடுக்க முடியும். எனக்குத் துணையாக உங்களில் ஓட முடிந்தவர்கள் ஓடுங்கள், நடக்க முடிந்தவர்கள் நடங்கள், இரண்டும் முடியாதவர்கள் ஓடுகிற பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்காவது வாக்குக் கொடுங்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். முதல் தாளில் என் பெயர் இருக்கிறது. இரண்டாம் வரி காலியாக இருக்கிறது.